குரலுக்குத் திறந்த கதவு



எங்கள் தோட்டப் பள்ளியின் பண்டக அறையை ஒரு சனிக்கிழமை காலை மாணவர்களோடு சேர்ந்து துப்புரவு செய்தோம். உடைந்த நாற்காலிகளுக்கும் பழைய வரைபடங்களுக்கும் அடியில் ஓர் அட்டைப் பெட்டி கிடைத்தது. முன்னொரு காலத்தில் துரை பங்களாவைக் காலி செய்தபோது பள்ளிக்கு வந்து சேர்ந்த பெட்டி அது. உள்ளே பத்துப் பன்னிரண்டு இசைத்தட்டுகள். ஒன்றின் உறை கறையான் அரித்துப் போயிருந்தது. தட்டு மட்டும் பழுதில்லாமல் பளபளத்தது. ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் அதைக் கையில் எடுத்து, "ஐயா, இது என்ன கறுப்புத் தட்டு? சாப்பிடுகிற தட்டில் எதற்கு நடுவில் ஓட்டை?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். நான் அந்தத் தட்டின் நடுவில் ஒட்டியிருந்த வட்டத்தாளைப் படித்தேன். "லவ் இஸ் த திங்" என்று அச்சிட்டிருந்தது. பாடியவர் பெயர் நாட் கிங் கோல்.

"லவ் இஸ் த திங்" என்றால், காதல் ஒன்றே பெரிது என்று பொருள் கொள்ளலாம். 1957-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த காதல் பாடல்களின் தொகுப்பு அது. வரலாற்றுப் பேச்சில் காதல் பாட்டுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். மன்னர்களும் போர்களும் மட்டுமே வரலாறு ஆகிவிடா. உழைத்துக் களைத்த மக்கள் இரவில் என்ன பாட்டுக் கேட்டார்கள், அதைப் பாடியவன் யார், அவனை அந்த நாடு எப்படி நடத்தியது என்பதும் வரலாறுதான். இந்த ஒரு தட்டுக்குள் அப்படி ஒரு பெரிய வரலாறு அடங்கியிருக்கிறது. அதைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

நாட் கிங் கோல் 1919-ஆம் ஆண்டு மார்ச் 17-ஆம் நாள் அமெரிக்காவின் தென்பகுதியில், அலபாமா மாநிலத்து மாண்ட்கமரி நகரில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் நத்தானியல் ஆடம்ஸ் கோல்ஸ். தந்தை பாப்டிஸ்டு தேவாலயத்தின் போதகர். தாய் பெர்லினா அந்த ஆலயத்தில் ஆர்கன் வாசித்தவர். மகனுக்கு முதல் இசை ஆசிரியையும் அவரே.

அலபாமா பருத்தி விளையும் பூமி. அந்தப் பருத்தித் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக அடிமைகளாக உழைத்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட கறுப்பின மக்கள். 1865-ஆம் ஆண்டு அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. ஆனால் அதன் பிறகும் தென்மாநிலங்களில் கறுப்பருக்குத் தனிப் பள்ளி, தனிக் குடிநீர்க் குழாய், பேருந்தில் பின்னிருக்கை என்று பிரித்தே வைத்தார்கள். இந்த நிலை பொறுக்காமலும், தொழிற்சாலைகளில் வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையாலும் இலட்சக்கணக்கான கறுப்பினக் குடும்பங்கள் தெற்கைவிட்டு வடக்கு நகரங்களுக்குப் புறப்பட்டன. நாட் நான்கு வயதுச் சிறுவனாக இருந்தபோது அவருடைய குடும்பமும் சிகாகோ நகருக்குக் குடிபெயர்ந்தது. மூட்டை முடிச்சோடு ஊரைவிட்டுப் புறப்படுவது என்றால் என்னவென்று நம் குடும்பங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்நாளில் சிகாகோ நகரம் ஜாஸ் இசையின் பெரிய கூடம். சிறுவன் நாட் அங்கே பியானோ வாசிப்பதில் தேர்ந்தார். முதலில் அவர் பாடகர் அல்லர், பியானோ கலைஞர். இதை மறந்துவிடக் கூடாது. 1937-ஆம் ஆண்டு ஒரு நாடகக் குழுவோடு கலிபோர்னியா வரை சென்றார். குழு அங்கே கலைந்துவிட்டது. ஊர் திரும்பாமல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலேயே தங்கி, பியானோ, கித்தார், பெரிய பாஸ் வயலின் ஆகிய மூன்றை மட்டும் கொண்ட ஒரு மூவர் குழுவை அமைத்தார். மத்தளமே இல்லாத குழு. அன்றைய வழக்கத்திற்கு அது புதுமை.

1943-ஆம் ஆண்டு அந்த மூவர் குழு ஒரு பாட்டை ஒலிப்பதிவு செய்தது. அதன் கதை நாட்டின் தந்தை ஆலயத்தில் பிரசங்கத்தின்போது சொன்ன பழங்கதை. ஒரு பிணந்தின்னிக் கழுகு சின்ன விலங்குகளைத் தன் முதுகில் ஏற்றிக்கொண்டு வானில் பறக்குமாம். உயரத்தில் சென்றதும் கீழே உதறிவிட்டு, செத்தபின் தின்றுவிடுமாம். ஒரு நாள் குரங்கு ஒன்று ஏறியது. கழுகு உதறப் பார்த்தபோது குரங்கு தன் வாலை அதன் கழுத்தில் சுற்றி இறுக்கி, ஒழுங்காகப் பற என்று சொல்லிற்றாம். ஏழையை ஏமாற்றுகிறவனை ஏழை மடக்கிய கதை. பாட்டு நாடெங்கும் பரவியது. ஆனால் நாட் அந்தப் பாட்டின் உரிமையை முன்பே 50 டாலருக்கு விற்றுவிட்டிருந்தார். கழுகுக் கதையைப் பாடியவரே ஒரு வகையில் கழுகின் முதுகில் ஏறியிருந்தார் என்று சொல்லலாம்.

அவருடைய பாட்டுகளை வெளியிட்ட நிறுவனம் கேப்பிடல். 1942-ஆம் ஆண்டு தொடங்கிய புதிய நிறுவனம் அது. 1945-ஆம் ஆண்டு மார்ச் மாதம் "பில்போர்டு" என்ற இசைத்துறை இதழ் முதன்முதலாக இசைத்தொகுப்புகளுக்கென்று ஒரு விற்பனைப் பட்டியலை வெளியிட்டபோது, அதில் முதலிடம் பெற்றது நாட் கிங் கோல் மூவர் குழுவின் தொகுப்பே. 1956-ஆம் ஆண்டு ஹாலிவுட் நகரில் கேப்பிடல் நிறுவனம் வட்ட வடிவில் 13 மாடிக் கட்டடம் ஒன்றை எழுப்பியது. அடுக்கி வைத்த இசைத்தட்டுகளைப் போலத் தோன்றும் கட்டடம். அதை மக்கள் "நாட் கட்டிய வீடு" என்றே அழைத்தார்கள். அந்த நிறுவனத்திற்கு அவ்வளவு செல்வத்தை அவருடைய குரல் ஈட்டித் தந்தது.

இங்கே சற்று நின்று, இத்தகைய பாட்டு எப்படிப் பிறந்தது என்று பார்ப்போம். 1925-ஆம் ஆண்டுக்கு முன்னால் இசைத்தட்டில் பாட வேண்டுமானால், ஒரு பெரிய கூம்பு வடிவக் கொம்பின் முன்னால் நின்று தொண்டை கிழியப் பாட வேண்டும். உரத்த குரல் உடையவர்களே பாடகர் ஆக முடிந்தது. 1925-இல் மின்சார ஒலிவாங்கி ஒலிப்பதிவுக்கு வந்தது. அதன் முன்னால் கத்த வேண்டியதில்லை. காதோடு காதாகப் பேசுவதைப் போலப் பாடினாலும் போதும். பிங் கிராஸ்பி முதலிய பாடகர்கள் இந்த முறையில் பேரும் புகழும் பெற்றார்கள். இவர்களைக் "குரூனர்" என்று அழைத்தார்கள். தாலாட்டுவதைப் போல மெல்லிய குரலில் முனகிப் பாடுகிறவர் என்பது அதன் பொருள். கூட்டத்தைப் பார்த்துப் பாடாமல் ஒருத்தியைப் பார்த்துப் பாடுவதைப் போல இருந்ததால், இது ஆண்மைக்கு இழுக்கு, ஒழுக்கத்திற்குக் கேடு என்று கண்டித்தவர்களும் உண்டு. பாஸ்டன் நகரக் கத்தோலிக்கத் தலைவர் கார்டினல் ஓ'கானல் 1932-இல் இதை வெளிப்படையாகவே சாடினார். ஆனாலும் மக்கள் கேட்பதை நிறுத்தவில்லை.

அடுத்த மாறுதல் 1948-ஆம் ஆண்டு வந்தது. அதுவரை இருந்த இசைத்தட்டு நிமிடத்திற்கு 78 முறை சுழலும். ஒரு பக்கத்தில் மூன்று நான்கு நிமிடப் பாட்டு ஒன்றுதான் அடங்கும். பல தட்டுகளைப் புகைப்படத் தொகுப்பைப் போல ஓர் அட்டைப் புத்தகத்தில் கோத்து விற்றார்கள். அதனால்தான் பாட்டுத் தொகுப்புக்கே "ஆல்பம்" என்ற பெயர் வந்தது. 1948-இல் கொலம்பியா நிறுவனம் நிமிடத்திற்கு 33⅓ முறை சுழலும் நெடுந்தட்டை வெளியிட்டது. இதில் ஒரு பக்கத்திலேயே 20 நிமிடத்திற்கு மேல் இசை அடங்கியது. இனி ஒரு பாடகர் ஒரே உணர்வை, ஒரே மனநிலையைத் தட்டு முழுவதும் விரித்துப் பாடலாம். மாலை முழுவதற்கும் ஒரு தட்டுப் போதும். எங்கள் பண்டக அறையில் கிடைத்த தட்டும் இந்த வகையைச் சேர்ந்ததே.

நாட் கிங் கோலின் குரல் ஒலிவாங்கிக்கென்றே பிறந்த குரல். சற்றே கரகரப்பான, ஆனால் பட்டுப் போன்ற குரல். ஒவ்வொரு சொல்லும் முழுதாக, தெளிவாகக் காதில் விழும். அவசரப்பட மாட்டார். 1946 முதல் வயலின் குழுவோடு பாடத் தொடங்கினார். 1950-களில் பியானோவைவிட்டு எழுந்து ஒலிவாங்கியின் முன் நின்று பாடுகிறவராகவே பெரும்பாலோர்க்கு அறிமுகமானார். வெள்ளையர் வீடுகளிலும் கறுப்பர் வீடுகளிலும் அவருடைய தட்டுச் சுழன்றது.

ஆனால், நேயர்களே, குரலுக்குத் திறந்த கதவு மனிதருக்குத் திறந்ததா? இந்தக் கேள்விதான் இன்றைய பேச்சின் நடுநாயகம்.

1948-ஆம் ஆண்டு நாட் திருமணம் செய்துகொண்டு, லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஹான்காக் பார்க் என்ற செல்வர் குடியிருப்பில் ஒரு வீடு வாங்கினார். அந்தப் பகுதி வீடுகளின் பத்திரங்களில், வெள்ளையர் அல்லாதார்க்கு விற்கக் கூடாது என்ற விதி எழுதப்பட்டிருந்தது. அதே 1948 மே மாதத்தில்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இத்தகைய விதிகளை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்தக் கூடாது என்று தீர்ப்பளித்திருந்தது. எனவே சட்டப்படி அவரைத் தடுக்க முடியவில்லை. ஆயினும் அக்கம்பக்கத்தார் கூட்டம் கூட்டி எதிர்த்தார்கள். விரும்பத் தகாதவர்கள் எங்கள் தெருவுக்கு வருவதை நாங்கள் விரும்பவில்லை என்று அவரிடம் சொன்னார்களாம். நானும்தான் விரும்பவில்லை, அப்படி யாராவது வந்தால் முதலில் முறையிடுகிறவன் நானாகத்தான் இருப்பேன் என்று நாட் அமைதியாக விடை சொன்னதாகக் கூறுவார்கள். அவர் அந்த வீட்டைவிட்டுப் போகவில்லை. வாழ்நாள் முடியும் வரை அங்கேயே வாழ்ந்தார். எண்ணிப் பாருங்கள். அந்தத் தெருவில் எத்தனை வீடுகளில் அவருடைய பாட்டு ஒலித்திருக்கும்! பாட்டு உள்ளே வரலாம். பாடியவன் அடுத்த வீட்டுக்கு வரக் கூடாது.

இதைவிடக் கொடிய நிகழ்ச்சி 1956-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள் நடந்தது. தாம் பிறந்த அலபாமா மாநிலத்திலேயே, பர்மிங்ஹாம் நகர மண்டபத்தில் நாட் பாடிக்கொண்டிருந்தார். அந்நகரச் சட்டப்படி கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக அமர்ந்து இசை கேட்க முடியாது. ஆகவே அன்று முதற்காட்சி வெள்ளையருக்கு மட்டும். பாட்டுத் தொடங்கிச் சிறிது நேரத்திற்குள் வெள்ளை நிறவெறியர் சிலர் மேடைமேல் பாய்ந்து அவரைப் பியானோ இருக்கையிலிருந்து கீழே தள்ளினார்கள். காவல்துறையினர் விரைந்து அவர்களைப் பிடித்தார்கள். பின்னர் சிலருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. அடிபட்ட நாட் மீண்டும் மேடைக்கு வந்தபோது, அந்த வெள்ளையர் கூட்டம் எழுந்து நின்று நெடுநேரம் கைதட்டியது. ஆனால் அவரால் அந்தக் காட்சியைத் தொடர்ந்து பாட இயலவில்லை.

அடித்தவனும் வெள்ளையன், எழுந்து நின்று கைதட்டியவனும் வெள்ளையன். ஒரு மண்டபத்திற்குள் இரண்டும் இருந்தன. வரலாறு படிக்கிறவர்கள் இதில் எதையும் மறைக்கக் கூடாது.

அதன் பிறகு நாட்டுக்கு வேறொரு பக்கத்திலிருந்தும் அடி விழுந்தது. கறுப்பின மக்களின் பத்திரிகைகளும் தலைவர்களும் அவரைக் கண்டித்தார்கள். நம்மைப் பிரித்து உட்கார வைக்கிற மண்டபத்தில் நீ ஏன் பாடினாய் என்று கேட்டார்கள். தாம் அரசியல்வாதி அல்லர், பாடகர் என்று அவர் சொன்ன விடை பலருக்குச் சினமூட்டியது. நியூயார்க் நகரின் ஹார்லம் பகுதியில் சில கடைக்காரர்கள் பாட்டுப் பெட்டிகளிலிருந்து அவருடைய தட்டுகளை எடுத்துவிட்டார்கள். நாட் மனம் நொந்தார். இடம் கொடுக்க மறுத்த விடுதிகள்மீது தாம் வழக்குத் தொடுத்ததையும், மாண்ட்கமரி மக்களின் போராட்டத்திற்குத் தாம் பணம் கொடுத்ததையும் எடுத்துச் சொன்னார். கறுப்பர் உரிமைக்காகப் பாடுபட்ட சங்கத்தில் வாழ்நாள் உறுப்பினராகவும் சேர்ந்தார்.

மாண்ட்கமரி போராட்டம் என்றேன். அது என்ன? 1955-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், நாட் பிறந்த அதே மாண்ட்கமரி நகரில், ரோசா பார்க்ஸ் என்ற தையல் தொழிலாளி பேருந்தில் வெள்ளையருக்கு எழுந்து இடம் விட மறுத்தார். அவரைச் சிறை செய்தார்கள். அதை எதிர்த்து அந்நகரக் கறுப்பின மக்கள் பேருந்தில் ஏறுவதையே நிறுத்தினார்கள். சமையல் வேலைக்காரிகளும் சுமை தூக்கிகளும் ஓராண்டுக்கு மேல் நடந்தே வேலைக்குப் போனார்கள். மார்ட்டின் லூதர் கிங் என்ற இளம் போதகர் தலைமை தாங்கினார். காந்தியடிகளின் அறப்போர் முறை அவருக்கு வழிகாட்டியது. முடிவில் உச்ச நீதிமன்றம் மக்களின் பக்கம் தீர்ப்புச் சொல்லியது. 1956 டிசம்பர் 21-ஆம் நாள் மாண்ட்கமரி மக்கள் விரும்பிய இருக்கையில் அமர்ந்து பயணம் செய்தார்கள்.

இப்போது தேதியைக் கவனியுங்கள். அதே 1956 டிசம்பர் மாதத்தில்தான், ஹாலிவுட் நகரில் கேப்பிடல் கட்டடத்தின் ஒலிப்பதிவுக் கூடத்தில், நாட் கிங் கோல் "லவ் இஸ் த திங்" தொகுப்பைப் பாடிக்கொண்டிருந்தார். பர்மிங்ஹாம் மேடையில் அடிபட்டு எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. பிறந்த ஊரில் மக்கள் பேருந்தின் முன்னிருக்கையில் அமரும் உரிமையைப் பெற்றுக்கொண்டிருந்தார்கள். அவரோ காதலைப் பாடினார்.

தொகுப்புக்கு இசைக்குழுவை அமைத்து நடத்தியவர் கார்டன் ஜென்கின்ஸ். உயர்ந்த சுரங்களில் வயலின்கள் இழைந்து வருவது அவருடைய தனி முத்திரை. பாட்டுகள் புதியவை அல்ல. பெரும்பாலும் பழகிய பாட்டுகளே. ஆங்கிலத்தில் இவற்றை "ஸ்டாண்டர்டு" என்பார்கள். ஒருவர் பாடியதோடு முடிந்துவிடாமல், தலைமுறை தலைமுறையாகப் பல பாடகர் எடுத்துப் பாடுகிற நிலைத்த பாட்டு என்று பொருள். நம் வீடுகளில் ஒரே தாலாட்டைப் பாட்டியும் அம்மாவும் அக்காளும் அவரவர் குரலில் பாடுவதில்லையா, அதைப் போல.

இந்தத் தொகுப்பில் உள்ள "ஸ்டார்டஸ்ட்" என்ற பாட்டுக்கு ஹோகி கார்மைக்கேல் 1927-இல் மெட்டு அமைத்தார். 1929-இல் மிட்செல் பாரிஷ் சொற்களை எழுதினார். அந்தப் பாட்டின் முன்னுரைப் பகுதியைப் பல பாடகர்கள் விட்டுவிட்டு நேரே பல்லவிக்குப் போய்விடுவார்கள். நாட் அதை விடாமல், நிதானமாக, கதை சொல்லத் தொடங்குகிறவரைப் போலப் பாடுகிறார். "வென் ஐ ஃபால் இன் லவ்" என்ற பாட்டு 1952-ஆம் ஆண்டு ஒரு திரைப்படத்தின் வழியாக வந்தது. அவர் பாடிய பிறகு அது அவருடைய பாட்டாகவே நிலைத்துவிட்டது. 1957-இல் பிரிட்டனில் விற்பனைப் பட்டியலின் இரண்டாம் இடம் வரை ஏறியது. "எய்ன்ட் மிஸ்பிஹேவிங்" என்ற 1929-ஆம் ஆண்டுப் பாட்டு, ஃபாட்ஸ் வாலர், ஆண்டி ரசாஃப் போன்ற கறுப்பினக் கலைஞர்களின் படைப்பு.

இன்னொரு பாட்டின் கதை வியப்பானது. "இட்ஸ் ஆல் இன் த கேம்" என்ற பாட்டின் மெட்டை 1911-இல் அமைத்தவர் சார்ல்ஸ் டாஸ் என்ற வங்கித் தொழிலர். இவர் 1925 முதல் 1929 வரை அமெரிக்காவின் துணை அதிபராகவும் இருந்தார். அமைதிக்கான நோபல் பரிசும் பெற்றார். அவருடைய மெட்டுக்கு 1951-இல் கார்ல் சிக்மன் என்பவர் காதல் வரிகளை எழுதினார். துணை அதிபரின் மெட்டை, அடிமைகளின் வழித்தோன்றல் பாடினார். பாட்டு ஊர் எல்லையைப் பார்ப்பதில்லை. பத்திரத்தில் எழுதிய விதியையும் பார்ப்பதில்லை.

1957-ஆம் ஆண்டு வெளிவந்த இந்தத் தொகுப்பு பில்போர்டு பட்டியலில் முதலிடம் பெற்று 8 வாரம் அங்கேயே இருந்தது.

அதே காலத்தில் நாட் இன்னொரு முயற்சியிலும் இறங்கியிருந்தார். 1956 நவம்பர் 5-ஆம் நாள் என்.பி.சி. தொலைக்காட்சியில் அவர் பெயரிலேயே ஒரு நிகழ்ச்சி தொடங்கியது. நாடு முழுவதும் ஒளிபரப்பாகும் நிகழ்ச்சியைத் தம் பெயரில் நடத்திய கறுப்பினக் கலைஞர்களில் அவர் முன்னோடி. எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு, ஹாரி பெலஃபாண்டே முதலிய பெரிய கலைஞர்கள் மிகக் குறைந்த ஊதியத்திற்கு வந்து பாடிக் கொடுத்தார்கள். மக்கள் விரும்பிப் பார்த்தார்கள். ஆனால் நாடளாவிய விளம்பரம் கொடுக்க ஒரு பெரிய நிறுவனமும் முன்வரவில்லை. தெற்கில் தங்கள் பொருளை வெள்ளையர் வாங்காமல் புறக்கணிப்பார்களோ என்ற அச்சம். தென்மாநில நிலையங்கள் சில ஒளிபரப்பவே மறுத்தன. 1957 டிசம்பர் 17-ஆம் நாள் அந்த நிகழ்ச்சி முடிவுற்றது. விளம்பர உலகத்திற்கு இருட்டைக் கண்டால் பயம் என்று நாட் கசப்போடு கேலி செய்தார்.

ஒரே ஆண்டு, 1957. தட்டு விற்பனையில் முதலிடம். தொலைக்காட்சியில் விளம்பரதாரர் இல்லை. கடையில் தட்டை வாங்குகிறவன் தனியாக, தன் பணத்தில், தன் வீட்டுக்கு வாங்கிப் போகிறான். அவன் மனம் பாட்டை ஏற்றது. ஆனால் நிறுவனங்கள் ஊர் என்ன சொல்லும் என்று பார்த்து நடந்தன. தனி மனிதனின் மனம் மாறுவது ஒன்று. ஊர் வழக்கம் மாறுவது வேறொன்று. முதலாவதைப் பாட்டு செய்யும். இரண்டாவதற்குப் பாட்டு மட்டும் போதாது. அதற்குச் சட்டம் வேண்டும், சங்கம் வேண்டும், ஓராண்டு நடந்தே வேலைக்குப் போகிற கால்கள் வேண்டும்.

அந்த மாறுதல்கள் மெல்ல வந்தன. பொது இடங்களில் நிறத்தின் பெயரால் பிரிப்பதைத் தடை செய்யும் சட்டம் 1964 ஜூலையில் நிறைவேறியது. வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் வேற்றுமை காட்டுவதைத் தடுக்கும் சட்டம் 1968-இல் வந்தது. முதற்சட்டத்தை நாட் கண்டார். இரண்டாவதைக் காண அவர் உயிரோடு இல்லை. 1965 பிப்ரவரி 15-ஆம் நாள் நுரையீரல் புற்றுநோயால் காலமானார். வயது 45. நாளொன்றுக்குப் பல பெட்டி வெண்சுருட்டு புகைத்தவர் அவர். புகைத்தால்தான் குரலுக்கு அந்த ஆழம் கிடைக்கிறது என்று நம்பினார். உலகமே போற்றிய குரலை அந்த நம்பிக்கையே பறித்துக்கொண்டது. பெரட்டுக் களத்திலும் மரத்தடியிலும் புகைக்கிற நம் தந்தைமாரும் தம்பிமாரும் இதைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

1991-ஆம் ஆண்டு அவருடைய மகள் நட்டாலி கோல், தந்தையின் பழைய ஒலிப்பதிவோடு தம் குரலையும் இணைத்து "அன்ஃபர்கெட்டபிள்" என்ற பாட்டை வெளியிட்டார். தந்தை இறந்து 26 ஆண்டுகளுக்குப் பின் இருவரும் சேர்ந்து பாடுவதைப் போல அது ஒலித்தது. அந்தப் பாட்டு இடம்பெற்ற தொகுப்புக்கு மறு ஆண்டு கிராமி விருது கிடைத்தது.

நாட் கிங் கோல் செய்தது சரியா? பிரித்து உட்கார வைத்த மண்டபத்தில் அவர் பாடியிருக்க வேண்டுமா? என் கருத்தைக் கேட்டால், அவரைக் கண்டித்தவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. மாண்ட்கமரியின் ஏழைப் பெண்கள் கால் கடுக்க நடந்தபோது, புகழ் பெற்றவர் ஒருவர் பிரிவினைக்கு உடன்பட்டு மேடையேறினார் என்றால் வலிக்கத்தான் செய்யும். ஆனால் அவர் கோழை அல்லர். விரட்டப் பார்த்த தெருவிலேயே குடியிருந்து பிள்ளைகளை வளர்த்தார். விளம்பரம் கிடைக்காது என்று தெரிந்தும் ஓராண்டுக்கு மேல் தொலைக்காட்சியில் நின்றார். முழக்கமிட அவருக்கு வரவில்லை. நிமிர்ந்து நிற்க வந்தது. போராட்டத்தில் எல்லாருக்கும் ஒரே வேலை கிடைப்பதில்லை.

எங்கள் தோட்டத்து மாணவர்களுக்கு அந்தத் தட்டைப் போட்டுக் காட்டினேன். ஓய்வுபெற்ற கிராணி ஒருவர் தம் வீட்டிலிருந்த பழைய இசைத்தட்டுப் பெட்டியைக் கொடுத்து உதவினார். ஊசி தட்டில் உரசியதும் முதலில் எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிப்பதைப் போல ஒலித்தது. பிறகு வயலின்கள் எழுந்தன. பிறகு அந்தக் குரல். ஆங்கிலம் அவ்வளவாகப் புரியாத பிள்ளைகள். ஆனாலும் வகுப்பில் சத்தமில்லை. பாட்டு முடிந்த பிறகு அவருடைய கதையைச் சொன்னேன். சாப்பாட்டுத் தட்டு என்று கேலி செய்த அதே மாணவன் எழுந்து, "ஐயா, அவரை அடித்தவர்கள் வீட்டிலும் இந்தத் தட்டு இருந்திருக்குமா?" என்று கேட்டான்.

இருந்திருக்கலாம் என்றேன். வேறு விடை எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அந்தப் பையனின் கேள்வி என்னைவிட்டுப் போகவில்லை. நாமும் ஒருவரின் உழைப்பை ஏற்றுக்கொண்டு, அவரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறோமா? ஒருவர் கொடுத்த பாட்டையும் பாலையும் காயையும் கறியையும் உள்ளே எடுத்துக்கொண்டு, கொடுத்தவரைத் தனிக் குவளையில் தண்ணீர் குடிக்க வைத்த வழக்கம் நம்மவரிடையிலும் இருந்ததை நாம் அறிவோம். எங்கோ அமெரிக்காவில் நடந்தது என்று கதையாகக் கேட்டுவிட்டுப் போகலாம். நம் வீட்டு வாசலையும் ஒரு முறை பார்த்துவிட்டு வந்து கேட்டால், அந்தக் காதல் பாட்டு இன்னும் நன்றாகக் கேட்கும்.

வாய்ப்புக் கிடைத்தால் நாட் கிங் கோலின் குரலை ஒரு முறை கேளுங்கள், நேயர்களே. பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். பாட்டு முடிந்ததும் பாடியவரின் கதையைச் சொல்லுங்கள்.